மணல்திட்டில் காதைப் பிடித்தவன்

இதைச் சொல்லத் தொடங்கும்போதே உங்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் வேறு யாராவது சொல்லியிருந்தால் என் முகமும் அப்படித்தான் போயிருக்கும். ஜின் என்றொரு படைப்பு இருக்கிறதென்று எங்கள் மார்க்கம் சொல்கிறது, அதில் எனக்குச் சண்டை கிடையாது. ஆனால் அந்த ஜின் வேறு வேலையில்லாமல் புத்தளத்தில் எங்கள் ஒழுங்கை மூலையில் நிற்கும் வேப்பமரத்தில் ஏறி உட்கார்ந்து டியூஷன் முடிந்து வருகிற பிள்ளைகளைப் பயமுறுத்துகிறது என்றால், அதை நம்புகிற ஆள் நானில்லை. கம்பஸ் விடுதியில் சுவருக்குள் யாரோ அழுகிறார்கள் என்று ஒரு மாடியே ஒரு அறைக்குள் ஒண்டிக்கொண்டு கிடந்தபோது, டோர்ச்சும் கையுமாகப் போய், தண்ணீர்க் குழாய்க்குள் காற்று அடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்து வந்தவள் நான். அன்றிலிருந்து விடுதியில் என் பெயர் பிளம்பர். ஆகவே இதை ஒரு பிளம்பரின் சாட்சியமாக எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குமேல் உங்கள் விருப்பம்.

எங்கள் பெரியும்மாவின் மகன், எனக்கு அண்ணன் முறையான சிபான் நானா, கற்பிட்டிக் களப்பில் பட்டச் சறுக்கல் சொல்லிக்கொடுக்கிறவர். பார்க்காதவர்களுக்கு அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். அலைச்சறுக்கல் பலகை மாதிரி ஒரு சின்னப் பலகையில் காலை மாட்டிக்கொண்டு, இடுப்பில் அகலமான வார் ஒன்றைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த வாரில் கொழுவிய நூல்களின் மறுமுனையில் ஒரு வள்ளம் நீளத்துக்குப் பட்டம் பறக்கும், அது இழுக்கும், நாம் தண்ணீரின்மேல் வழுக்கிக்கொண்டு போவோம். யுத்தம் முடிந்த பிறகுதான் அந்தக் காற்றைத் தேடி எங்கெங்கோ இருந்தெல்லாம் ஆட்கள் கற்பிட்டிக்கு வரத் தொடங்கினார்கள். அதுவரைக்கும் அந்தக் காற்று எங்களுக்கு உடுப்புக் காயவைக்கவும் கருவாடு காயவைக்கவும்தான்.

எனக்கு அதைப் பழக வேண்டுமென்று பைத்தியம். வாப்பா ஒரு வருடமாக இல்லையென்றார், பிறகு சிபான் நானா பக்கத்தில் நின்றால் சரி, தலை மூடியிருந்தால் சரி, கூடப் படிக்கிற பெண்பிள்ளை யாராவது வந்தால் சரி என்று இறங்கி வந்தார். அப்படித்தான் பௌர்ணமிப் போயா விடுமுறையோடு சேர்ந்து வந்த ஒரு நீண்ட வார இறுதியில் சிலாபத்திலிருந்து தருஷியைக் கூப்பிட்டேன். அவள் சிங்களப் பிள்ளை, ஆனால் பக்கத்து வீடு தமிழ்வீடு என்பதால் அரைகுறையாகத் தமிழ் கதைப்பாள், அதுவும் பயமேயில்லாமல் கதைப்பாள். இன்னொரு ஆள் குகன், முல்லைத்தீவுக்காரன். மூன்று பேரும் ஒரே பிரிவில், ஒரே ஆய்வுகூட மேசையில் இரண்டு வருடம் குப்பை கொட்டியவர்கள்.

குகனைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும், இரண்டும் பிறகு தேவைப்படும். ஒன்று, அவனுடைய வலது முழங்காலுக்குள் சின்ன வயதில் பட்ட ஷெல் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது, அந்தக் கால் முழுதாக மடியாது. கீழே குந்தினால் வலது காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டுதான் குந்துவான், தூரத்திலிருந்து பார்த்தால் கவராயம் விரித்து வைத்த மாதிரி இருக்கும். இரண்டாவது, கடற்கரையில் பிறந்தவன்தான், ஆனால் ஊரைவிட்டு வந்த நாளிலிருந்து கடலில் கால் வைத்ததில்லை. ஏனென்று அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. "நான் கரையில இருந்து படம் எடுக்கிறன், சமைக்கிறன், என்னைத் தண்ணிக்குள்ள மட்டும் கூப்பிடாதேங்கோ" என்ற ஒப்பந்தத்தில்தான் பஸ் ஏறினான்.

பஸ்ஸில் வரும்போது நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைக் கண்டு தருஷி படம் எடுத்தாள், மாம்புரிப் பக்கத்துக் காற்றாலைகளைக் கண்டு நான் கூச்சல் போட்டேன், ஏனென்றால் சிபான் நானா தொலைபேசியில் முதலில் கேட்ட கேள்வியே அதுதான்: "காத்தாடியெல்லாம் சுத்துதா புள்ள? வேகமாச் சுத்துதா, சும்மா சுத்துதா?" வேகமாகத்தான் சுத்தின. எங்களுக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது.

சிபான் நானாவின் இடம் களப்புக் கரையில் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில், நாலு பிளாஸ்டிக் கதிரை, ஒரு வள்ளம். முன்னால் இடுப்பளவு ஆழத்தில் களப்பு, முதுகுப்பக்கம் மணல்மேடு, மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய கடல். காற்று கடலிலிருந்து வந்து எங்களைத் தாண்டிக் களப்புக்குள் போகும். தூரத்தில் களப்புக்கு நடுவே ஒரு மணல்திட்டு. போயா நாட்களில் தண்ணீர் நன்றாக வற்றும்போது மட்டும்தான் அதன் முதுகு வெளியே தெரியும், மற்ற நேரம் தண்ணீருக்குள்.

வந்த உடனே நானா அதைக் காட்டித்தான் பாடத்தைத் தொடங்கினார். "அந்தத் திட்டுக்கு அங்கால பள்ளம். பள்ளத்துல மீனுக்குக் கட்டின கம்பு வரிசையா ஈக்கு. கைட்டோட அதுக்குள்ள போனா நூல் கம்புல சுத்தும், இழுக்கும், நீங்க நடுவுல. வெளங்குதா? திட்டத் தாண்டப்படாது." விளங்கியது. "அடுத்தது, கைட்ட ஒத்தையில எறக்கப் பாக்கப்படாது. இந்தக் காத்துல ஒராள் நிண்டு ரெக்கையப் புடிச்சுத்தான் எறக்கணும்." அதுவும் விளங்கியது. விளங்காமல் போனது ஒன்றே ஒன்றுதான்.

அன்று பின்னேரம் நானா ஓடிக் காட்டினார், நான் கரையில் பிடிக்கிற ஆளாக நின்றேன். அவர் திரும்பி வந்து என்னைப் பார்த்துத் தன் தலையில் தட்டினார். எனக்கு உடனே விளங்கிவிட்டது, ஸ்கார்ஃப் விலகியிருக்கிறது. வாப்பாவின் ஒற்றர் அல்லவா அவர். இழுத்துச் சரிசெய்தேன். அவர் மறுபடியும் தட்டினார், இந்த முறை கொஞ்சம் பலமாக. நான் ஓரங்களை உள்ளே செருகினேன். அவர் குத்துகிற மாதிரித் தன் மண்டையில் போட்டுக்கொண்டே இருக்க, நான் ஒரு ஊசியை வாயில் கவ்விக்கொண்டு முழுவதையும் அவிழ்த்துக் கட்டத் தொடங்க, பட்டம் தலைகீழாகத் தண்ணீரில் விழுந்தது, நானாவும் விழுந்தார்.

பாசி வழிய எழும்பி வந்தார். "ரெக்கையப் புடிக்கச் சொன்னா அங்க நிண்டு அழகு பாத்துக்கிட்டு ஈக்கா!"

"நீங்க தலையில தட்டினா நான் என்ன நெனைக்கிற? தலை தெரியுதுன்னு நெனைச்சேன்."

"அது கைட்ட எறக்கு என்ற சிக்னல் புள்ள! ஒலகம் முழுக்க இதுதான் சிக்னல்!"

"ஒலகம் முழுக்க எங்கட வாப்பா இல்லையே நானா."

குகன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பிளேன்டீ மணலில் ஊற்றுப்பட்டது. இரண்டு வருடத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன்தான் சொன்னான்: "தலை வேண்டாம், காதைப் பிடிப்பம். இறக்க வேணுமெண்டால் ஒரு கையால காதைப் பிடிக்கிறது. காதைப் பிடிச்சால் ஒருத்தருக்கும் பிழையா விளங்காது, எல்லாரும் பள்ளிக்கூடத்தில தண்டனை வாங்கின ஆக்கள்தானே."

"அப்ப புடிக்கிற ஆள் என்ன செய்ற?" என்றேன்.

"பிடிக்கிற ஆள் ஒரு தோப்புக்கரணம் போடவேணும். ரெண்டு காதையும் மாறிப் பிடிச்சு ஒருக்கா இருந்து எழும்பினால், நான் தயார் எண்டு அர்த்தம். எவ்வளவு தூரத்தில இருந்தும் தெரியும்."

"தோப்பு... என்ன?" என்றாள் தருஷி. குகன் எழுந்து, வலது காலை நீட்டிக்கொண்டு, ஒன்று போட்டுக் காட்டினான். "ஆ! இது எங்கட இஸ்கோலேலயும் இருக்கு. கணக்கு பிழைச்சா டீச்சர் இதான் குடுக்கிறது."

"வெள்ளக்காரன் கண்டா நம்மள லூசுன்னு நெனைப்பான்" என்றார் நானா, ஆனால் அடுத்த முறை அவர் வந்து காதைப் பிடிக்க, நான் மாறிப் பிடித்து இருந்து எழும்ப, பட்டம் பக்கவாட்டில் மெதுவாக இறங்கி என் கைக்கு வந்தது, அதை மல்லாத்திப் போட்டு நடுவில் இரண்டு கை மணலை அள்ளி வைத்தேன், காற்று தூக்காமலிருக்க அப்படி வைப்பது வழக்கம். அன்று இருட்டும்வரை நாங்கள் எதற்கெடுத்தாலும் காதைப் பிடித்தோம். பாண் வேண்டுமென்றாலும் காது, சம்பல் தீர்ந்துவிட்டதென்றாலும் காது. இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், அந்தச் சைகை எங்கள் நால்வரைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, இதை மட்டும் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் நான் ஓடினேன். அல்ஹம்துலில்லாஹ், அந்த இன்பத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை, பலகை தண்ணீரிலிருந்து கிளம்பி எழும்புகிற அந்தக் கணத்தில் வயிற்றுக்குள் ஏதோ சிரிக்கிறது. காலை முழுக்க விழுந்தேன், மதியத்துக்குப் பிறகு விழாமல் போனேன், பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து இன்னும் ஒரே ஒரு தரம் என்று கெஞ்சினேன். நானா வானத்தைப் பார்த்தார், சரி, கிட்டவே நில்லு என்றார். நான் கிட்ட நிற்கத்தான் நினைத்தேன்.

காற்று ஏறியது. மெதுவாக ஏறவில்லை, யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஏறியது. ஒரு வீச்சில் என்னைத் தூக்கிப் போட்டதில் பலகை காலிலிருந்து கழன்று போய்விட்டது, பட்டம் மட்டும் என்னைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போனது, களப்புக்குள், கரைக்கு எதிர்ப்பக்கமாக. அவசரத்துக்குப் பட்டத்தைக் கழற்றிவிட இடுப்பு வாரில் ஒரு சிவப்புப் பிடி இருக்கிறது, அதைத் தள்ளினால் எல்லாம் விட்டுப்போகும். தள்ளினேன். போகவில்லை. காலையிலிருந்து விழுந்து விழுந்து அதற்குள் மணல் இறுகிப்போயிருந்தது. இரண்டு கையாலும் தள்ளினேன், நகம் உடைந்தது, அது அசையவேயில்லை.

பிறகு காலுக்குக் கீழே நிலம் தட்டுப்பட்டது. மணல்திட்டு. அதன்மேல் கணுக்கால் அளவு தண்ணீர், சில இடங்களில் அதுவுமில்லை, ஈரமான கறுத்த மணல் மினுங்கிக்கொண்டிருந்தது. குதியை ஊன்றி முழுப்பாரத்தோடும் பின்னால் சாய்ந்தேன். பட்டத்தைத் தலைக்கு நேரே உச்சியில் வைத்தால் இழுவை குறையும், அப்படித்தான் வைத்தேன், ஆனாலும் ஒவ்வொரு வீச்சுக்கும் அது என்னை ஒரு எட்டு, அரை எட்டு என்று முன்னால் இழுத்தது. முன்னால் திட்டு முடிகிற இடத்தில் தண்ணீர் நிறம் மாறியது. அந்த நிறத்துக்கு அப்பால் கம்புகள், ஆட்கள் வரிசையில் நிற்கிற மாதிரி.

திரும்பிக் கரையைப் பார்த்தேன். வெயில் நேரே கண்ணுக்குள் அடித்தது, கரை, கொட்டில், ஆட்கள் ஒன்றுமே தெரியவில்லை, வெறும் வெள்ளை வெளிச்சம். வள்ளத்தின் இயந்திரத்தை யாரோ இழுத்து இழுத்துக் கிளப்பப் பார்க்கிற சத்தம் மட்டும் காற்று விட்டபோது வந்தது, கிளம்பவில்லை. கலிமாவைச் சொல்லிக்கொண்டேன், உண்மையைச் சொன்னால் பாதியில் மறந்துபோய் உம்மாவைக் கூப்பிட்டேன்.

மறுபடி முன்னால் திரும்பியபோது திட்டின் ஓரத்தில் குகன் நின்றான்.

இப்போது சொல்லும்போதுதான் எனக்கு மயிர் சிலிர்க்கிறது, அப்போது இல்லை. அப்போது எனக்குத் துளி பயமும் வரவில்லை, ஆச்சரியமும் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. அதுவும் நான் பிழைத்தேன் என்ற சந்தோஷம்கூட இல்லை, நம்பினால் நம்புங்கள், முதலில் தோன்றியது இதுதான்: அட, இவன் தண்ணீருக்குள் இறங்கிவிட்டான்! வெயில் என் முதுகுப்பக்கமிருந்து அவன்மேல் நேராக விழுந்தது. காலையிலிருந்து அவன் போட்டிருந்த அதே நீலக் கட்டம் போட்ட சட்டை, அந்தக் கோணல் நிலை. எப்படி வந்தான் என்று நினைக்க எனக்கு நேரமில்லை, வேறொரு வள்ளத்தில் வந்திருப்பான் என்று மனம் தானாகவே முடித்துக்கொண்டது.

ஒரு கையை எடுத்துக் காதைப் பிடித்தேன்.

அவன் இரண்டு காதுகளையும் மாறிப் பிடித்து, வலது காலைப் பக்கவாட்டில் நீட்டி, ஒருக்கா இருந்து எழும்பினான்.

நான் பட்டத்தை உச்சியிலிருந்து பக்கவாட்டில் மெதுவாக, மிக மெதுவாக இறக்கினேன், நானா சொல்லித்தந்த மாதிரியே. அவன் இரண்டடி பின்னால் போய், சரியான இடத்தில் நின்று, சிறகின் நுனியைப் பிடித்தான். நூல்கள் தளர்ந்தன. அந்தத் தளர்ச்சி, அது இப்போதும் என் இடுப்பில் ஞாபகமிருக்கிறது, யாரோ என்னை இவ்வளவு நேரமும் பிடித்திருந்து கையை எடுத்துவிட்ட மாதிரி. அப்படியே தண்ணீருக்குள் குந்திவிட்டேன். அவன் பட்டத்தை மல்லாத்திப் போட்டு, காலை நீட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் குந்தி, மணல் அள்ளி வைத்ததைப் பார்த்தேன். இரண்டு கை. பிறகு நான் முகத்தை முழங்காலில் வைத்து அழுதேன், சிரித்தேன், என்னவோ செய்தேன். "குகன், நீங்க தண்ணிக்குள்ள வந்துட்டீங்களே!" என்று சொல்லிக்கொண்டே தலையை நிமிர்த்தினேன்.

ஒருவரும் இல்லை.

திட்டில் ஒரு பற்றை கிடையாது, மறைய ஒரு கல் கிடையாது, அந்தப் பக்கம் பள்ளம். நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும், கம்புக்கு வந்த மீன்காரர் யாராவது இருக்கலாமே. இருக்கலாம். அப்படியென்றால் அவருடைய வள்ளம் எங்கே, அவருக்கு எங்கள் சைகையை யார் சொன்னது, அவருக்கு ஏன் வலது கால் மடியவில்லை? முகத்தைப் பார்த்தாயா என்று கேட்டால், பார்த்ததாகத்தான் நினைவு, ஆனால் சத்தியம் செய்யச் சொன்னால் முகத்துக்குச் செய்யமாட்டேன். காலுக்குச் செய்வேன்.

ஒருவழியாக இயந்திரம் கிளம்பி நானா வள்ளத்தில் வந்து சேர்ந்தார், தனியாக. முகம் வெளுத்திருந்தது. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்து, எல்லாம் இருக்கிறதென்று கண்டபிறகுதான் ஏசத் தொடங்கினார், பெரியும்மாவுக்குக் கேட்டிருந்தால் வாயில் கொச்சி மிளகாய் தேய்த்திருப்பார். அப்படியே ஏசிக்கொண்டே பட்டத்தைச் சுருட்டப் போனவர் நின்றுவிட்டார்.

"ஹஸ்னா, இந்த மணல எங்க எடுத்தா?"

பட்டத்தின் நடுவில் இருந்த மணல் வெள்ளையாக, பொலபொலவென்று, காய்ந்து கிடந்தது. நான் தொட்டுப் பார்த்தேன், சூடு. பகல் முழுக்க வெயிலில் கிடந்த மணலின் சூடு. அந்தத் திட்டு தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்து அதிக நேரம் ஆகவில்லை, எங்கே தோண்டினாலும் கறுத்த ஈரச் சேறுதான். நானா குனிந்து நாலு இடத்தில் கையால் கிண்டிப் பார்த்தார், பிறகு அந்த வெள்ளை மணலைத் தட்டிவிட்டார், வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டு. "நான் எஞ்சினோட மல்லுக்கட்டிக்கிட்டு ஈக்கக்குள்ள பாத்தேன், கைட் எறங்கின வெதம், ஒராள் புடிச்சு எறக்கின மாதிரித்தான் எறங்கிச்சு" என்று மட்டும் வள்ளத்தில் வரும்போது சொன்னார்.

கரையில் தருஷி தண்ணீருக்குள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். குகன் மணலில் கிடந்தான். சட்டை முழுக்க வியர்வை, வலது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான். எங்கே போயிருந்தீர்கள் என்று நான் அவனைக் கேட்குமுன், ஆணென்றாலும் பெண்ணென்றாலும் எல்லோரையும் மச்சான் என்று கூப்பிடுகிற தருஷி சொன்னாள்: "இவன் பைத்தியம், மச்சான். நீ போனதில இருந்து இங்கயே நிண்டு இதான் செய்யிறது." இரண்டு காதையும் மாறிப் பிடித்துக் காட்டினாள். "இருக்கிறது, எழும்புறது, இருக்கிறது, எழும்புறது. நான் சட்டையப் பிடிச்சு இழுத்தது. நிப்பாட்டல்ல."

"வேற என்ன செய்ய?" என்றான் குகன், வெட்கப்பட்டுக்கொண்டு. "எனக்கு நீந்தத் தெரியாது, எஞ்சின் தெரியாது. நீங்கள் ஒருக்காத் திரும்பிப் பாத்தால், பிடிக்கிறதுக்கு ஆள் நிக்குது எண்டாவது தெரியட்டும் எண்டுதான்."

நான் திரும்பிப் பார்த்தபோது எனக்குக் கரையே தெரியவில்லை என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது. அவன் நின்ற இடத்தைப் பார்த்தேன். வெள்ளை மணல், காய்ந்த மணல், கால் வைத்தால் சுடுகிற மணல். தருஷி அவன் சட்டையைப் பிடித்தபடி அவன் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள், ஒரு நிமிடம்கூட அவன் அசையவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறாள், அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, சொன்னாலும் தமிழில் சொல்லத் தெரியாது.

அன்று இராச் சாப்பாட்டின்போது எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் பயப்படவுமில்லை, அதுதான் விசித்திரம். தருஷி என் தட்டில் இன்னொரு மீன்துண்டை வைத்தாள். நானா, இதை உங்கட வாப்பாவிடம் சொல்லிவிடாதே, நான் அவரிடம் பட்ட பாடு எனக்குத் தெரியும் என்றார். குகன் மட்டும் நீட்டிய காலைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். நான் சொல்லி முடித்ததும், "எத்தினை தரம் இருந்து எழும்பினன்?" என்று கேட்டான். ஒருக்கா என்றேன். தலையை ஆட்டினான். கொட்டிலுக்கு வெளியே போயா நிலவு களப்பு முழுக்கப் பரவியிருந்தது, திட்டு தண்ணீருக்குள் போய்விட்டிருந்தது. அவ்வளவு நிம்மதியாக நான் எந்த இரவும் தூங்கியதில்லை.

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டு வெளியே வந்தால், குகன் களிசானை முழங்கால்வரை மடித்துக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் நிற்கிறான். நாங்கள் ஒருவரும் கூப்பிடவில்லை. அவன் இடது காலை வைத்தான், பிறகு வலதை வைத்தான், கணுக்கால் நனைந்ததும் அப்படியே நின்றுவிட்டான். பயந்துவிட்டான் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன்.

"பயமில்லை" என்றான். "இது நேத்தைய தண்ணிதான்."

"நேத்து நீங்க தண்ணிக்கே வரல்லயே?"

அவன் என்னைப் பார்க்காமல் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நேத்து கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்து எழும்பினன், கால் நோவெண்டபடியால். மணல் காலைச் சுட்டது. ஒரேயொருக்கா மட்டும், இருந்து எழும்பேக்க கால் குளிர்ந்தது. கணுக்கால் மட்டும். காலுக்குக் கீழ சேறு மாதிரிப் புதைஞ்சது. கண்ணைத் திறந்து பாத்தன், மணல்தான். உங்களுக்குச் சொன்னால் பைத்தியம் எண்டுவியள் எண்டு ராத்திரி சொல்லேல்லை."

அன்று மத்தியானம் அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று என் பட்டத்தைப் பிடித்தான். இப்போது ஒவ்வொரு காற்றுக் காலத்துக்கும் மூன்று பேரும் வருகிறோம், தருஷி என்னைவிட நன்றாக ஓடுகிறாள், குகனும் பலகையில் நிற்கப் பழகிவிட்டான், வலது காலை நீட்டிக்கொண்டு, கோணலாக, ஆனால் விழாமல். சிபான் நானாவிடம் வருகிற வெள்ளைக்காரர்கள்கூட இப்போது காதைப் பிடித்துத்தான் இறக்குகிறார்கள், ஒருவரும் ஏனென்று கேட்பதில்லை. சிவப்புப் பிடியை நான் ஒவ்வொரு தடவையும் கழுவி, மூன்று தரம் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன், பிளம்பர் அல்லவா. தண்ணீர்க் குழாய்க்கு ஒரு காரணம் கண்டுபிடித்தவள் இதற்கும் ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவேன் என்றுதான் வெகுநாள் நினைத்தேன், கானல், களைப்பு, பயத்தில் மூளை செய்கிற வேலை, எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்தேன். எல்லாம் எனக்குப் பொருந்துகிறது. பட்டத்தில் கிடந்த சுடுமணலுக்கும் அவனுடைய காலுக்கும்தான் ஒன்றும் பொருந்தவில்லை.

இன்றைக்கும் நான் தூரத்திலிருந்து காதைப் பிடிக்க, குகன் கரையில் காதை மாறிப் பிடித்து இருந்து எழும்பும்போது, மற்ற எல்லோரும் பிடிக்கிறவனுடைய கையைப் பார்ப்பார்கள். நான் பட்டத்தை இறக்குமுன் அவன் காலைப் பார்க்கிறேன். அது மணலில்தான் நிற்கிறது. நின்றாலும், கிட்ட வந்ததும், கேட்காமல் இருக்க எனக்கு முடிவதில்லை: "குகன், கால் சுடுதா?"

பெரும்பாலும் அவன் சுடுகிறது என்றுதான் சொல்கிறான்.